கம்பியில்லா மிதிக் கட்டுப்படுத்தி (மின் கித்தார்)

கம்பியில்லா மிதிக் கட்டுப்படுத்தி என்பது மின் கித்தார் இசைப்பவர் தமது பெருக்கியையும் ஒலிவிளைவுக் கருவிகளையும் காலால் இயக்குவதற்கு, இணைப்புக் கம்பி இன்றி வானொலி அலைகள் வழியாகக் கட்டளைகளை அனுப்பும் கருவி ஆகும். கித்தார் இசைக்கும்போது இரு கைகளும் தந்திகளில் இருப்பதால், ஒலியின் தன்மையை மாற்றும் வேலை கால்களுக்கு உரியதாகிறது. தெளிந்த ஒலியில் இருந்து திரிபு ஒலிக்கு மாறுதல், எதிரொலியைச் சேர்த்தல், ஒலியளவைக் கூட்டுதல், குறைத்தல் ஆகியன இவ்வாறு செய்யப்படுகின்றன.

இக்கருவி கித்தாரின் ஒலியைச் சுமந்து செல்வதில்லை. கட்டளைகளை மட்டுமே அனுப்புகிறது. கித்தாரின் ஒலியை அனுப்பும் கம்பியில்லாப் பரப்பி வேறு, மிதிக் கட்டுப்படுத்தி வேறு. முன்னதன் மின்கலம் தீர்ந்தால் மேடையில் ஒலி நின்றுவிடும். பின்னதன் மின்கலம் தீர்ந்தால் ஒலி நிற்காது. கடைசியாக இருந்த அமைப்பிலேயே தொடர்ந்து ஒலிக்கும். இந்த வேறுபாட்டை அறிந்து அமைப்பதே இக்கருவியைப் பயன்படுத்துவதில் முதன்மையானது. குறிகைக் கம்பி நீங்கினாலும் மின்சாரத்தின் தேவை நீங்குவதில்லை. கம்பி வழியாக வந்த மின்சாரத்தை இனி ஒவ்வொரு கருவியும் தனித்தனியே பெறவேண்டும்.

வரலாறு

காலால் இயக்கும் ஒலிவிளைவுக் கருவிகள் 1960களில் பரவலாயின. 1962 ஆம் ஆண்டில் வெளிவந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் மிதி, திரிபு ஒலியை உருவாக்கியது. அது 1.5 வோல்ட்டு மின்கலங்கள் இரண்டில் இயங்கியது. தொடர்ந்து வந்த மிதிகளில் 9 வோல்ட்டு மின்கலம் வழக்கமாயிற்று. இன்றும் பெரும்பாலான மிதிகள் 9 வோல்ட்டில் இயங்குவதற்கு இவ்வழக்கமே காரணம்.

மிதிகளின் எண்ணிக்கை பெருகியபோது, ஒவ்வொன்றையும் தனித்தனியே மிதிப்பது கடினமாயிற்று. ஒரே மிதியால் பல கருவிகளை ஒருங்கே மாற்றும் வழியை மிடி என்னும் சீர்தரம் தந்தது. 1983 ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், சீக்குவென்சியல் சர்க்கியூட்சு நிறுவனத்தின் புராஃபெட்-600 என்னும் இசைத்தொகுப்பியும் ரோலண்டு நிறுவனத்தின் சூப்பிட்டர்-6 என்னும் இசைத்தொகுப்பியும் மிடி வழியாக இணைத்துக் காட்டப்பட்டன. இச்சீர்தரம் உருவாக முன்னின்ற டேவ் சுமித், இக்குதாரோ காக்கேகாசி ஆகிய இருவருக்கும் 2013 ஆம் ஆண்டில் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. விசைப்பலகைக் கருவிகளுக்காக உருவான மிடி, 1980களிலேயே கித்தார் இசைப்பவர்களின் ஒலிவிளைவு அடுக்குகளிலும் இடம்பெற்றது.

கம்பியில்லா முறை கித்தாரின் ஒலியை அனுப்புவதில்தான் முதலில் பயன்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் கென் சாஃபர் உருவாக்கிய சாஃபர்-வேகா அமைப்பு அவற்றுள் புகழ்பெற்றது. மிதிக் கட்டுப்படுத்திகள் கம்பியை விட்டது பெருமளவில் 2010களில் ஆகும். குறைந்த ஆற்றலில் இயங்கும் புளூடூத் முறை, 2010 ஆம் ஆண்டின் புளூடூத் 4.0 சீர்தரத்தில் சேர்க்கப்பட்டது. 2013 ஆம் ஆண்டில் ஐகே மல்டிமீடியா நிறுவனம் ஐரிக் புளூபோர்டு என்னும் மிதியை வெளியிட்டது. 2014 ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 8 இயங்குதளத்தில் புளூடூத் வழி மிடியைச் சேர்த்தது. 2015 ஆம் ஆண்டில் மிடி உற்பத்தியாளர் சங்கம் அதனைச் சீர்தரமாக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் வெளிவந்த ஆண்டிராய்டு 6.0 இயங்குதளமும் இதற்கு இடமளித்தது. பின்னர் பாஸ் நிறுவனத்தின் ஈவி-1-டபிள்யூஎல், எஃப்எஸ்-1-டபிள்யூஎல் போன்ற மிதிகளும் வெளிவந்தன.

செயற்படும் முறை

மிடி கட்டளைகள்

மிதியை அழுத்தும்போது அதில் உள்ள நுண்கட்டுப்படுத்தி ஒரு மிடி கட்டளையை உருவாக்குகிறது. கித்தார் இசைப்பவருக்குப் பயன்படுபவை முதன்மையாக இரண்டு:

- நிரல் மாற்றம்: பெறும் கருவியில் சேமித்து வைத்துள்ள ஒலியமைப்புகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். 128 அமைப்புகளுள் ஒன்றைக் குறிக்கலாம். இது 2 பைட்டு நீளமுடையது.
- கட்டுப்பாட்டு மாற்றம்: ஒரு குறிப்பிட்ட அளவை 0 முதல் 127 வரையான மதிப்பொன்றுக்கு மாற்றும். ஒரு விளைவை இயக்கவோ நிறுத்தவோ, ஒலியளவைப் படிப்படியாக மாற்றவோ இது பயன்படும். இது 3 பைட்டு நீளமுடையது.

மிடி கம்பியில் தரவு நொடிக்கு 31,250 பிட்டு வேகத்தில் செல்கிறது. தொடக்க, முடிவுப் பிட்டுகளையும் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட்டு என்பதால், 3 பைட்டு கட்டளை ஒன்று சென்றுசேர 0.96 மில்லிநொடி ஆகிறது. ஒரே இணைப்பில் 16 தடங்கள் உள்ளன. அனுப்பும் மிதியும் பெறும் கருவியும் ஒரே தட எண்ணில் இருக்கவேண்டும்.

வானொலி இணைப்பு

பெரும்பாலான கம்பியில்லா மிதிகள் 2.4 கிகாஹெர்ட்சு அலைப்பட்டையைப் பயன்படுத்துகின்றன. இப்பட்டை 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்சு வரை விரிந்தது. இந்தியாவில் 2005 ஆம் ஆண்டின் விதிகள் இப்பட்டையில் குறைந்த திறனுள்ள கருவிகளை உரிமம் இன்றிப் பயன்படுத்த வழிசெய்தன.

குறைந்த ஆற்றல் புளூடூத் இப்பட்டையை 2 மெகாஹெர்ட்சு இடைவெளியில் 40 தடங்களாகப் பிரிக்கிறது. இணைப்பு ஏற்பட்டபின் இரு கருவிகளும் குறித்த இடைவெளியில் தடத்துக்குத் தடம் தாவியபடி தரவைப் பரிமாறுகின்றன. இடைப்பட்ட நேரத்தில் வானொலிப் பகுதி உறங்கிவிடுவதால் மின்கலம் நீண்டநாள் உழைக்கிறது.

இவ்விடைவெளியே சுணக்கத்துக்கும் காரணமாகிறது. புளூடூத் சீர்தரத்தின்படி இணைப்பு இடைவெளியின் குறைந்த அளவு 2025 வரை 7.5 மில்லிநொடியாக இருந்தது. புளூடூத் மிடிக்கு அது 15 மில்லிநொடிக்கு மிகாமல் இருக்கவேண்டும். ஒலி காற்றில் 15 மில்லிநொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் செல்லும். அதாவது, இச்சுணக்கம் பெருக்கியில் இருந்து 5 மீட்டர் தள்ளி நிற்பதால் ஏற்படும் சுணக்கத்துக்கு ஒப்பானது. விளைவை மாற்றும் மிதிக்கு இது தடையன்று. ஆனால் ஒலியளவு மிதியை விரைவாக அசைக்கும்போது மாற்றம் சீராக இன்றிப் படிபடியாகக் கேட்கக்கூடும்.

அமைக்கும் முறை

மிதியில் இருந்து கட்டளையைப் பெறுவது புளூடூத் உள்ள பெருக்கியாகவோ, பலகைக் கணினியில் இயங்கும் செயலியாகவோ, மிடி துளையில் செருகப்படும் சிறு வாங்கியாகவோ இருக்கலாம். அமைக்கும்போது பின்வரும் வரிசையைக் கடைப்பிடிப்பது நல்லது.

1. பெறும் கருவியை முதலில் இயக்கி, அதன்பின் மிதியை இயக்கவேண்டும்.
2. மிதி எவ்வகைக் கருவியாகத் தன்னை அறிவிக்கிறது என்பதை அறியவேண்டும். சில மிதிகள் மிடி கருவியாகவும், சில கணினி விசைப்பலகையாகவும் இயங்குகின்றன. இருவகையிலும் இயங்கும் மிதிகளும் உண்டு.
3. விசைப்பலகையாக இயங்கும் மிதியை இயங்குதளத்தின் புளூடூத் அமைப்புப் பக்கத்தில் இணைக்கவேண்டும். இதனை இணைத்தபின் பலகைக் கணினியின் திரை விசைப்பலகை மறைந்துவிடலாம். அது பழுதன்று.
4. மிடி கருவியாக இயங்கும் மிதியை, ஐபோன், ஐபேடு ஆகியவற்றில் செயலிக்கு உள்ளே இருக்கும் புளூடூத் மிடி பட்டியலில் இருந்து இணைக்கவேண்டும். அமைப்புப் பக்கத்தில் தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றம் அடைவர்.
5. தட எண்ணை இரு பக்கமும் ஒன்றாக வைக்கவேண்டும்.
6. ஒவ்வொரு மிதிக்கும் கட்டளையை ஒதுக்கி, ஒவ்வொன்றாக அழுத்திச் சோதிக்கவேண்டும்.

மிதி தென்படவில்லை எனில், அது முன்பு இணைக்கப்பட்ட வேறொரு கருவியுடன் தானாக இணைந்துள்ளதா என்று பார்க்கவேண்டும். இத்தகைய மிதி பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவியுடன் மட்டுமே இணையும். பையில் இருக்கும் கைபேசி ஒன்று அதனைப் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

எண்ணிடுவதிலும் ஒரு குழப்பம் உண்டு. மிடி கட்டளையில் நிரல்கள் 0 முதல் 127 வரை எண்ணப்படுகின்றன. பல கருவிகள் அவற்றை 1 முதல் 128 வரை காட்டுகின்றன. மிதியை அழுத்தியதும் அடுத்த அமைப்போ முந்தைய அமைப்போ வருமாயின், பெரும்பாலும் இதுவே காரணம்.

மின்வழங்கல்

மிதியின் மின்கலம்

மிதி எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பதை, மின்கலத்தின் கொள்ளளவை மிதி இழுக்கும் மின்னோட்டத்தால் வகுத்து ஏறத்தாழக் கணிக்கலாம். எடுத்துக்காட்டாக, தொடராக இணைந்த இரண்டு ஏஏ காரக் கலங்களின் கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர்-மணி என்றும், மிதி 10 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றும் கொண்டால், 200 மணி நேரம் கிடைக்கும். தொடராக இணைக்கும்போது மின்னழுத்தமே கூடும், கொள்ளளவு கூடாது. ஒளிரும் விளக்குகள் மிகுந்த மிதியில் வானொலிப் பகுதியைக் காட்டிலும் விளக்குகளே மிகுதியான மின்சாரத்தை இழுக்கக்கூடும். விளக்கின் ஒளியைக் குறைத்தால் மின்கலம் கூடுதல் நாள் உழைக்கும்.

மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் உலோக ஐதரைடு கலத்தின் மின்னழுத்தம் 1.2 வோல்ட்டு, காரக் கலத்தினது 1.5 வோல்ட்டு. காரக் கலத்துக்கென அளவிடப்பட்ட மின்கலக் காட்டி, முழுதும் மின்னேற்றிய நிக்கல் கலத்தையும் குறைந்துவிட்டதாகக் காட்டலாம். மேலும் நிக்கல் கலத்தின் மின்னழுத்தம் நெடுநேரம் ஒரே அளவில் நின்று, இறுதியில் திடீரென வீழும். ஆகவே காட்டியை நம்பாமல், நிகழ்ச்சிக்கு முன் மின்னேற்றிய கலங்களை இடுவதே உறுதியான வழி.

உள்ளேயே இலித்தியம் கலம் பொருத்திய மிதிகளை 5 வோல்ட்டு யூஎஸ்பி வழியாக மின்னேற்றலாம். இக்கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் பொதுவாக 3.7 வோல்ட்டு, முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட்டு ஆகும். முற்றிலும் தீர்ந்த நிலையில் பல மாதங்கள் விட்டுவைத்தால் கலம் கெட்டுவிடும். பாதியளவு மின்னேற்றி வைப்பது நல்லது. உப்பிப்போன கலத்தை மின்னேற்றக் கூடாது.

பவர் பேங்கின் சிக்கல்

மிதிக்குப் பவர் பேங்கில் இருந்து மின்சாரம் தருவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கைபேசிக்கென வடிவமைக்கப்பட்ட பல பவர் பேங்குகள், இழுக்கப்படும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் மின்னேற்றம் முடிந்ததாகக் கருதித் தாமே நின்றுவிடும். மின்கலம் நிறைந்திருந்தும் பாடலின் நடுவே மிதி அணைவதற்கு இது ஒரு காரணம். குறைந்த மின்னோட்டத்துக்கென அமைப்பு உள்ள பவர் பேங்கே இதற்கு ஏற்றது. ஓரிரு நிமிடச் சோதனையில் இக்குறை வெளிப்படாமல் போகலாம். நிகழ்ச்சியின் முழு நேரத்துக்கும் இயக்கிப் பார்க்கவேண்டும்.

பவர் பேங்கின் மேல் அச்சிடப்பட்ட கொள்ளளவு வழக்கமாக உள்ளிருக்கும் 3.7 வோல்ட்டு கலத்துக்கு உரியது. 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது 37 வாட்டு-மணி. 5 வோல்ட்டில் அது 7,400 மில்லி ஆம்பியர்-மணி ஆகும். மாற்றத்தில் இழக்கப்படுவதைக் கழித்தால் கிடைப்பது இன்னும் குறைவு.

பெறும் கருவிக்கான மின்சாரம்

மிதிக்கு மின்கலம் இட்டபின் மறக்கப்படுவது மறுமுனையில் உள்ள வாங்கியாகும். மிடி வெளியீட்டுத் துளையில் செருகப்படும் சிறு வாங்கிகள் சில, அத்துளையில் வரும் மின்சாரத்திலேயே இயங்குகின்றன. ஆயினும் மிடி இணைப்பு சுமார் 5 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்துக்கென வடிவமைக்கப்பட்டது. எல்லாக் கருவிகளும் வாங்கிக்குப் போதிய மின்சாரம் தரும் என்று கொள்ளமுடியாது.

9 வோல்ட்டு அடாப்டரில் இயங்கும் கருவிகளுக்கு மூன்றைச் சரிபார்க்கவேண்டும்.

- மின்னழுத்தம்: கருவி கேட்கும் அளவே இருக்கவேண்டும்.
- மின்னோட்டம்: அடாப்டர் தரக்கூடிய அளவு, கருவி இழுக்கும் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கவேண்டும். கூடுதலாக இருப்பதால் கேடில்லை. கருவி தனக்கு வேண்டியதையே இழுக்கும்.
- முனைமை: கித்தார் மிதிகளின் செருகியில் நடுமுனை எதிர்முனையாக இருப்பது வழக்கம். வேறு பல வீட்டுக் கருவிகளின் அடாப்டர்களில் நடுமுனை நேர்முனையாக இருக்கும். செருகி பொருந்துகிறது என்பதற்காக இணைத்தால் கருவி பழுதாகக்கூடும்.

சிறிய 9 வோல்ட்டு காரக் கலத்தின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணியே. 100 மில்லி ஆம்பியர் இழுக்கும் எண்ணிமக் கருவிக்குக் கணக்குப்படி 5 மணி நேரம். மிகுந்த மின்னோட்டத்தில் கொள்ளளவு சுருங்குவதால் நடைமுறையில் அதுவும் கிடைக்காது.

ஒரே அடாப்டரில் இருந்து பல மிதிகளுக்குக் கிளை பிரித்து மின்சாரம் தரும்போது, எண்ணிம வாங்கியில் எழும் இரைச்சல் திரிபு ஒலி மிதிக்குள் புகுந்து கீச்சொலியாகக் கேட்கலாம். ஒன்றோடொன்று தொடர்பற்ற வெளியீடுகளைக் கொண்ட மின்வழங்கி இதனைத் தவிர்க்கும்.

தொலைவும் குறுக்கீடும்

2.4 கிகாஹெர்ட்சு பட்டையை வை-ஃபை, நுண்ணலை அடுப்பு, வேறு கம்பியில்லா இசைக்கருவிகள் ஆகியனவும் பயன்படுத்துகின்றன. இவ்வலைகளை மனித உடல் உட்கவர்கிறது. உலோகப் பரப்புகள் மறைக்கின்றன. மிதி தரையில் இருப்பதால், சுற்றி நிற்போரின் கால்களும் உடல்களும் அலையின் வழியில் குறுக்கிடுகின்றன. வெற்று அரங்கில் நடந்த ஒத்திகையில் நன்றாக இயங்கிய மிதி, கூட்டம் நிறைந்து அனைவரது கைபேசிகளும் இயங்கும் வேளையில் தடுமாறுவது இதனாலேயே.

வாங்கியைப் பெருக்கியின் பின்புறத்திலோ உலோகப் பெட்டிக்குள்ளோ வைக்காமல், மிதியில் இருந்து நேராகத் தெரியும் இடத்தில் சில மீட்டர் தொலைவுக்குள் வைப்பது நல்லது. கித்தாரின் ஒலியும் 2.4 கிகாஹெர்ட்சில் அனுப்பப்படுமாயின் இரு வாங்கிகளையும் சற்று விலக்கி வைக்கவேண்டும்.

மின்பாதுகாப்பு

மின் கித்தாரின் தந்திகள் வழக்கமாக இணைப்புக் கம்பியின் வழியாகப் பெருக்கியின் புவித்தொடர்புடன் இணைந்துள்ளன. பெருக்கிக்கு எர்த் எனப்படும் புவித்தொடர்பு சரியாக இல்லாதபோது, தந்தியைத் தொட்டபடி ஒலிவாங்கியைத் தொடுபவரின் உடல் வழியாக மின்னோட்டம் பாயக்கூடும். 1972 ஆம் ஆண்டு மே 3 அன்று வேல்சு நாட்டின் சுவான்சி நகரில், ஸ்டோன் தி குரோசு குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஆர்வி சரியான புவித்தொடர்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே மின்தாக்கி இறந்தார். 1976 ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள லேக்லேண்டு நகரில், கிஸ் குழுவின் ஏஸ் ஃபிரேலி மேடையின் உலோகக் கைப்பிடியைத் தொட்டு மின்தாக்குதலுக்கு உள்ளாகி உயிர் தப்பினார். அதன்பின் அக்குழு கம்பியில்லாக் கித்தார் இணைப்புக்கு மாறியது.

மிதிக் கட்டுப்படுத்தியைக் கம்பியில்லாததாக மாற்றுவது இவ்வகைப் பாதுகாப்பைத் தருவதில்லை. கித்தாரில் இருந்து பெருக்கிக்குச் செல்லும் கம்பி இருக்கும் வரை அந்த மின்வழி அப்படியே இருக்கிறது. மிடி கம்பியில் ஒளி இணைப்பி என்னும் உறுப்பு இரு கருவிகளையும் மின்வழியில் முன்பே பிரித்து வைத்துள்ளது. எனவே மிடி கம்பியை நீக்குவதால் இரைச்சலோ மின்தாக்கு இடரோ பெரிதும் குறைவதில்லை. இரைச்சலைப் போக்குவதற்காகப் பெருக்கியின் மூன்றுமுனைச் செருகியில் புவித்தொடர்பு முனையை நீக்குவதோ, இருமுனை மாற்றியில் செருகுவதோ உயிருக்கு இடர் விளைவிக்கும்.

இணைப்பு அறுபடும்போது

கம்பியில்லா இணைப்பு எப்போதாவது அறுபடும் என்று கொண்டே கட்டளைகளை ஒதுக்கவேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இருந்த நிலையை எதிர்நிலைக்கு மாற்றும் கட்டளையில் ஓர் இடர் உள்ளது. இணைப்பு அற்றிருந்த வேளையில் ஒரு கட்டளை தவறினால், அதன்பின் மிதியின் விளக்கு ஒரு நிலையையும் கருவி வேறொரு நிலையையும் கொண்டிருக்கும். நிரல் மாற்றக் கட்டளையோ, 127 என்றால் இயக்கு, 0 என்றால் நிறுத்து என்னும் நிலையான மதிப்போ அனுப்பினால் இச்சிக்கல் எழாது. மறுமுறை அழுத்தியதும் கருவி வேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

மிதியில் எரியும் விளக்கு எதனைக் காட்டுகிறது என்பதும் அறியத்தக்கது. சில மிதிகளின் விளக்கு, தான் அனுப்பிய கட்டளையை மட்டும் காட்டும். அது சென்றுசேர்ந்ததா என்பதைக் காட்டாது. பெறும் கருவி திருப்பி அனுப்பும் நிலையைக் காட்டும் மிதிகளே நம்பத்தக்கவை.

மிதி முற்றிலும் நின்றுபோனாலும் பாடலை முடிக்கும் வகையில், தொடக்க அமைப்பை எப்பகுதிக்கும் ஓரளவு பொருந்தும் ஒலியாக வைப்பது மேடைக் கலைஞர்களுக்கு உதவும். பல மிதிகளில் யூஎஸ்பி அல்லது மிடி கம்பிக்கான துளையும் இருப்பதால், அதற்குரிய கம்பி ஒன்றையும் மாற்று மின்கலங்களையும் உடன் எடுத்துச் செல்லலாம்.

இவற்றையும் பார்க்கவும்

- மின் கித்தார்
- மிடி
- புளூடூத்
- மின்கலம்
- புவித்தொடர்பு